மறுப்புக்கு ஒரு சாண்

எங்கள் தொழிற்சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சுரங்க வாசலில் இருக்கிற கரும்பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் வைக்கப்போகிறார்களாம். அந்தப் பலகையில் அதிக நாள் எழுதியவன் நான் என்பதால் என் அனுபவம் நாலு பக்கம் வேண்டும் என்றார்கள். தலைவர்களைப் பற்றியும் நல்லபடியாக ஏதாவது வரட்டும் என்று கிளம்பும்போது சொன்னார்கள். நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன், கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் ஒரு தலைவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது. அவரை நான் கேலி செய்து படம் போட்ட கதைதான் அது.

எனக்கு ஊர் கம்மாபுரம் பக்கம். வீட்டுக்கு நிலம் கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்டதும் பலாப்பழ லாரியில் ஏறினேன். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் எந்த ஊரிலும் இரண்டு பொங்கல் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. பெல்லாரியில் மூட்டை தூக்கினேன். புதுச்சேரியில் ஓட்டலில் மாவாட்டினேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்று கால் விரல்கள் நீலமாகி, அது போக ஒரு வருஷம் ஆயிற்று. கடைசியில் ஒரு பெயின்டரிடம் சேர்ந்து சுவரில் எழுதக் கற்றேன். எழுத்து வந்தது, கூடவே முகம் வரையவும் வந்தது. போன தேர்தலில் 'வருக வருக' என்று எழுதிய பெயரின் மேல் இந்தத் தேர்தலில் நானே சுண்ணாம்பு அடித்து அடுத்தவர் பெயரை எழுதுவேன். அதனால் பெரிய மனிதர்களின் பெயர் மேல் இருந்த பயம் எனக்குப் போய்விட்டது.

பயம் போனது தப்பு என்று வடக்கே ஒரு டவுனில் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் ஒரு பிரமுகர் இருந்தார். வெயில் இல்லாத நாளிலும் அவருக்கு இரண்டு பேர் குடை பிடிப்பார்கள். ஒரு பிளைவுட் துண்டின் பின்பக்கத்தில், குடைகளுக்குக் கீழே எவ்வளவு தேடினாலும் அவர் அகப்படாத மாதிரி விளையாட்டாகப் படம் போட்டேன். யாரோ எடுத்துக் காட்டிவிட்டார்கள். அரிசி மில் கிடங்குக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள். ஒரு பல் போயிற்று, விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. என் பெயின்டரை வரவழைத்து இவன் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அந்த ஊரில் பிழைப்பு இருந்தது. நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நெய்வேலியில் கிடைத்தது கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்துக்குள் மண்ணையும் நிலக்கரியையும் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். ஓடும்போது பக்கவாட்டில் கொட்டிக்கொண்டே போகும். கொட்டியதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். அள்ளாவிட்டால் உருளையில் மண் ஏறி பெல்ட் நின்றுவிடும். அன்று அள்ளிய இடத்தில் மறுநாள் அதே அளவு கொட்டிக் கிடக்கும். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சிமென்ட் மேடை, அதன் மேல் எங்கள் சங்கத்துக் கரும்பலகை. இடது பாதியில் கூட்டம், சந்தா, இரங்கல் அறிவிப்பு. வலது பாதியில் நையாண்டி. முதல் வாரமே அங்கே ஒரு எம்.எல்.ஏ. படத்தைப் பார்த்தேன். படம் மோசம், ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது. அடுத்த தேர்தல் வரை தூங்குவதற்கு அவர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியவர் பெயரின் முதல் எழுத்து. அதற்கும் கீழே ஒரு சாண் அளவுக்கு ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தது. மேடை விளிம்பில் ஒரு சாக்பீஸ். இது எதற்கு என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"அது எம்.எல்.ஏ.வுக்கு. அவரு வந்து பதில் எழுதலாம். அவரு ஆளுங்க எழுதலாம். எழுதிட்டா நாளைக்கு வரைக்கும் யாரும் அழிக்கக் கூடாது."

நான் போன ஊர்களில் எல்லாம் சில பெயர்களைச் சொல்லும்போது குரலை இறக்கிப் பேசுவார்கள். இங்கே ஒரு பலகையில் எழுதி, பதிலுக்கு இடமும் விட்டு, சாக்பீஸும் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழிந்தும் நான் போகவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பலகை என் கைக்கு வந்தது.

அதைக் கொடுத்தவர் சங்கச் செயலாளர் சவரிமுத்து. மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தில் ஆபரேட்டர், பர்மனென்ட் தொழிலாளி. ஆனாலும் கான்ட்ராக்ட் ஆட்களுக்காக அலைந்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர், அதனால் என்னை அண்ணே என்பார். நான் அவரைத் தலைவரே என்பேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகைக்கு வெகு அருகில் போய்ப் படிப்பார். சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளுக்காகவே நான் சில படங்கள் போட்டிருக்கிறேன்.

வேலை முறை இதுதான். எனக்கு எப்போதும் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட். பன்னிரண்டுக்கு வந்து பலகையைத் துடைப்பேன். வாரம் ஒரு நாள் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூசுவேன். ஒரு மணிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். முன்கூட்டி யாரிடமும் காட்டக் கூடாது, தலைவரிடமும்தான். ஒன்றிலிருந்து இரண்டு வரை ஷிஃப்ட் மாறும் நேரம். உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள், அதிகாரிகளின் ஜீப் எல்லாம் அந்த வழிதான். அந்த ஒரு மணி நேரமும் எழுதியவன் பலகை பக்கத்தில் நிற்க வேண்டும். சவரிமுத்து போட்ட சட்டம் அது. நிற்க முடியாததை எழுதாதே என்பது அதன் அர்த்தம் என்று நின்று பார்த்தபோது எனக்கே புரிந்தது.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். லீவு தராத ஒரு சூப்பர்வைசருக்குத் திக்குவாய். அவர் "லீ லீ லீ" என்று இழுப்பதற்குள் ஒருவனுக்குத் தாடி வளர்ந்துவிட்ட மாதிரி போட்டேன். வாசலே சிரித்தது. சவரிமுத்து படித்தார், தோள் குலுங்கவில்லை.

"அண்ணே, இது அவரு செஞ்சதா, அவருக்கு இருக்கறதா?"

அவ்வளவுதான் கேட்டார். அழி என்று சொல்லவில்லை. நானே அழித்துவிட்டு, பூட்டிய பெட்டிக்குள் லீவு லெட்டர்கள் கரையானுக்குச் சோறாவது போல வேறு படம் போட்டேன். அந்தச் சூப்பர்வைசரும் வந்து பார்த்தார். சாண் இடத்தில், 'சாவி என்னிடம் இல்லை, மேலே கேட்கவும்' என்று எழுதிவிட்டுப் போனார். அது உண்மை என்று விசாரித்ததில் தெரிந்தது. மறுநாள் பலகை மேலே கேட்டது.

இன்னொரு முறை ஒரு பெரிய அதிகாரி. ஆந்திராக்காரர், புதிதாக வந்தவர். அவர் பார்வையிட வரும் நாளில் ஜீப் போகும் பாதைக்கு இரண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடரால் கோடு போட்டு, கற்களுக்கு வெள்ளை அடிப்பார்கள். கோட்டைத் தாண்டினால் எங்கள் ஓய்வுக் கொட்டகை, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. அந்த இரண்டு கோடுகளையும் தண்டவாளமாக்கி, அவர் ஜீப்பை அதன் மேல் ரயிலாக ஓடவிட்டேன். 'ஐயா, சுரங்கம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது' என்று எழுதினேன். ஜீப் நின்றது. இறங்கி வந்தார். கூட வந்தவர் படித்துச் சொல்ல, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி மில் கிடங்கு எனக்கு நினைவு வந்தது. அவர் சாக்பீஸை எடுத்து, கேட்டுக் கேட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தமிழ் எழுத்தில் எழுதினார்: 'நாளை கோடு வேண்டாம். நடந்து வருகிறேன்.' வந்தார். களிமண்ணில் அவருடைய ஷூ ஒன்று மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. மாற்றலாகிப் போகும்போது அந்தப் படத்தை ஒரு அட்டையில் வரைந்து தரும்படி கேட்டார். ஜீப்பைக் கொஞ்சம் பெரிதாகப் போடும்படி மட்டும் சொன்னார்.

இப்போது எல்லாரும் போனில் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும், நானும் பார்த்துச் சிரிக்கிறேன். இன்றைக்கு இருக்கிற ஒரு தலைவரின் முகத்தை மயில் உடம்பில் ஒட்டி ஒரு இளைஞன் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், வேலைக்கும் சிக்கல் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். மயில் எதற்கு, அவர் என்ன செய்தார் என்று நான் அவனைக் கேட்டேன், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. படம் சுமாராக இருந்தாலும் அவனை எடுத்தது அதைவிட மோசம். நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

அது ஒரு மழைக்காலம். கன்வேயருக்கு அடியில் முழங்கால் வரை சேறு. பூட்ஸ் தர வேண்டியது ஒப்பந்தக்காரர். அவர் தந்த பூட்ஸ் ஒரு மாதத்தில் அடிப்பக்கம் வாய் பிளந்தது. எல்லாருக்கும் விரலிடுக்கில் சேற்றுப்புண். ஐப்பசிக்குள் புது பூட்ஸ், இல்லாவிட்டால் வேலைநிறுத்த நோட்டீஸ் என்று சவரிமுத்து வாசல் கூட்டத்தில் பேசியிருந்தார். அதற்கிடையில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு முடிந்து, வடலூரில் ஒரு மண்டபத்தில் விருந்து. நாங்கள் எல்லாரும் போனோம். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பு பிடித்து எல்லார் மேலும் தெளித்துக்கொண்டிருந்தவர் அந்த ஒப்பந்தக்காரர். விளக்கு அலங்கார வளைவும் அவர் ஏற்பாடு என்றார்கள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. பூட்ஸ் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "பேசிக்கினு இருக்கோம்" என்றார் சவரிமுத்து. அவர் கண்ணைப் பார்க்காமல் பேசி நான் பார்த்தது அப்போதுதான்.

எங்களோடு மண் அள்ளிய வடக்குத்துக் கிராமத்து அஞ்சலை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். டம்ளரிலிருந்து ஊற்றுகிற மாதிரி தண்ணீர் விழுந்தது.

"மந்திரிய எழுதறீங்க, எம்.எல்.ஏ.வ எழுதறீங்க, பெரிய ஆபீசரையும் எழுதினீங்க. அவங்கள்லாம் எங்கியோ இருக்கறவங்க. இங்க இருக்கறவர எழுத மட்டும் கை வர மாட்டேங்குதாண்ணே?"

எனக்குக் கை வராததற்குக் காரணம் இருந்தது. நிரந்தர வேலைக்குச் சங்கம் கொடுக்கும் பெயர்ப் பட்டியல் அடுத்த வாரம் போக இருந்தது. பட்டியலில் ஆறாவது பெயர் என்னுடையது. எழுதியது சவரிமுத்து. கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான். இதை விட்டால் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் சாகிற வரை கான்ட்ராக்ட். ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் வாசல்படியில் வந்து நின்ற ஒரே நல்ல காரியம் அது. என் மனைவி பூங்காவனத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் பொறுத்தா வானம் இடிஞ்சா வுழுந்துடும்? லிஸ்டு போவட்டும். அப்பறம் உன் இஷ்டத்துக்குப் போடு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் வேறு படம் போட்டேன். இரண்டு நாளும் பலகை பக்கத்தில் நின்றபோது அஞ்சலை படிக்காமல் தாண்டிப் போனாள். பட்டியல் போய் வேலை உறுதியான பிறகு போட்டால் அந்தப் படத்தை அவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று யோசித்தேன். மூன்றாம் நாள் போட்டேன்.

கல்யாண மேடை. சவரிமுத்து வேட்டி சட்டையில், காலில் பூட்ஸ். ஒப்பந்தக்காரர் குனிந்து, செம்பிலிருந்து பன்னீரை அந்தப் பூட்ஸுக்குள் ஊற்றுகிறார். வாய் பிளந்த அடிப்பக்கத்தால் அது ஒழுகி ஓடி, கீழே மண் அள்ளுகிறவர்களின் கால்களை நனைக்கிறது. ஓரத்தில் கல்யாணப் பெண்ணின் மாலை கொஞ்சம் தெரிகிறது. 'தலைவரே, பன்னீர் காய்ந்துவிட்டது. எங்கள் கால் எப்போது காயும்?' என்று எழுதினேன். என் பெயர் எழுத்து 'கோ' போட்டேன். மணி ஒன்று ஆகிவிட்டது. போய் நின்றேன்.

மற்ற நாளில் கும்பல் கூடிச் சிரிக்கும். அன்று படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் காதருகில் வந்து, ஊருக்குப் போக வழிச்செலவுக்கு இருக்கிறதா என்று கேலியாகக் கேட்டுவிட்டுப் போனார். கமிட்டியைச் சேர்ந்த தனபால் பார்த்ததும் வெளியே ஓடினார். இருபது நிமிஷத்தில் சவரிமுத்துவின் மொபெட் வந்து நின்றது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பக்கத்தில் போய்ப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. தோளைப் பார்த்தேன், அசையவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. தனபால் ஈரத்துணியோடு பாய்ந்தார். சவரிமுத்து திரும்பிப் பார்க்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துணியக் கீழ போடு."

பிறகு என்னிடம் திரும்பினார்.

"சாண் எங்கண்ணே?"

அப்போதுதான் பார்த்தேன். பலகையின் அடிவிளிம்பு வரை படம். அள்ளுகிறவர்களின் கால்களைப் போட்டுப் போட்டு இடம் முழுக்கத் தின்றுவிட்டது. யார் யாருக்கோ தினமும் விட்ட ஒரு சாணை அவருக்கு விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. பயத்தோடு எழுதியதில் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் போயிற்று. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டீங்க. நான் எங்க எழுதறது?" என்றார். குரல் உயரவில்லை.

கீழே இரண்டு வரிசைக் கால்களை அழித்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம். இப்ப எதுல கை வெச்சாலும் நான் அழிக்கச் சொன்னதா ஆயிடும்."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். பலகைக்குக் கீழே இருந்த சிமென்ட் மேடையின் முகப்பில் எழுத ஆரம்பித்தார். சொரசொரப்பான சிமென்ட், சாக்பீஸ் உடைந்துகொண்டே இருந்தது. ஷிஃப்ட் விட்டு வந்தவர்கள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். அவர் எழுதியது இதுதான்: 'பன்னீர் உண்மை. அலங்கார வளைவும் உண்மை. அதற்குப் பிறகு நான் வாய் திறக்காததும் உண்மை. வேலைநிறுத்த நோட்டீஸ் நாளை இரண்டு மணிக்கு இதே இடத்தில் படிக்கப்படும். ச.'

எழுந்து முழங்காலைத் தட்டினார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அந்த மாலைய வரையாம இருந்திருக்கலாம்ண்ணே. அது எம் பொண்ணு."

நான் விரலால் மாலையை மட்டும் தேய்த்து அழித்தேன். அவர் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டும் நிற்கவில்லை.

மறுநாள் நோட்டீஸ் படித்தார். இரண்டு வாரத்தில் புது பூட்ஸ் வந்தது. பழசு பரவாயில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும், இது உள்ளேயே நின்றுகொள்கிறது என்றாள் அஞ்சலை. ஆனால் கழற்றவில்லை.

சவரிமுத்து என்னோடு பேசவில்லை. பலகைக்கு வருவார், படிப்பார், போய்விடுவார். அண்ணே என்ற வார்த்தை நின்றுபோயிற்று. கமிட்டிக் கூட்டத்தில் தனபால் என் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று பேசியதாகவும், இன்னும் மூன்று பேர் ஆமாம் என்றதாகவும் கேள்விப்பட்டேன். பட்டியல் அந்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பூங்காவனம் பழைய தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். நான் ஊர் மாறும்போதெல்லாம் எடுத்துப்போகிற பெட்டி அது.

பட்டியலை அனுப்பும் முன் வாசலில் எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும் என்பது சங்க வழக்கம். ஒரு திங்கட்கிழமை மதியம் சவரிமுத்து மேடை மேல் ஏறினார். வாசித்தார். நாலு, ஐந்து. ஆறாவதாக என் பெயரையும் அப்பா பெயரையும், மற்றவர்களை வாசித்த அதே குரலில் வாசித்தார். நிமிரவில்லை. ஏழாவது பெயருக்குப் போனார்.

நிரந்தர வேலைக்கான ஆர்டர் என் கைக்கு வர மேலும் ஒரு வருஷம் பிடித்தது. வாங்கிய அன்று மெயின் பஜார் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அதற்குள் பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. என் பெயரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"எடுக்கணும்னுதாண்ணே இருந்துச்சு. ரெண்டு வாரம் லிஸ்ட்ட சட்டப்பையிலயே வெச்சிக்கினு திரிஞ்சேன். வூட்டுல என் சம்சாரம்கூட எடுத்துடுன்னுதான் சொல்லிச்சு." ஒரு வாய் குடித்தார். "எடுத்திருந்தா மறுநாள்லேந்து போர்டுல என்னைப் புகழ்ந்துதான் எழுதுவீங்க எல்லாரும். அதுல எது நெசம், எது பயம்னு நான் யார்கிட்டப் போயிக் கேக்கறது?"

டீ கிளாஸை வைத்துவிட்டு, மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனார்.